நோரீன் வீட்டுப் படிக்கட்டில் ஒரு கல்யாணம்

ஹாலோவீன் அன்று பேய் பிசாசு வேஷம் போட்டு வரும் பிள்ளைகள் எங்கள் தெருவின் மற்ற வீடுகளில் வாசலோடு மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நோரீன் வீட்டில் மட்டும் உள்ளே வருவார்கள். கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் படிக்கட்டுதான் அதற்குக் காரணம். அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கிற ஈரி நகரத்தின் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. குறுகலான மர வீடு, வாசலை ஒட்டி நேராக ஏறும் படி, பாதியில் ஒரு சின்ன மேடை, அங்கிருந்து திரும்பி மறுபடி மேலே. எதிர்வீடான என் வீட்டிலும் அதே படிதான். நான் அதில் மடித்த துணியை வைத்துவிட்டு எடுக்க மறந்துவிடுவேன். நோரீன் ஒவ்வோர் அக்டோபரிலும் அதை நாடக மேடை ஆக்கிவிடுவாள்.

ஒரு வருஷம் படி முழுக்கக் காகங்கள். இன்னொரு வருஷம் நீலத் துணியைக் கடல் மாதிரி விரித்து, அலைக்குள்ளிருந்து கைகள் நீளும்படி செய்திருந்தாள். போன வருஷம் கல்யாணம். மேடையில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள், இரண்டு பேரும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள். பழந்துணிக் கடையில் வாங்கிய மஞ்சள் பூத்த கல்யாண உடுப்பை அவளே பிடித்துத் தைத்துப் பெண்ணுக்கு மாட்டியிருந்தாள். கீழே படிக்குப் படி விருந்தாளிகள். ஒன்று மடியில் குழந்தையோடு, ஒன்று பீர் டப்பாவோடு. ஒன்று பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து கைப்பிடிக்குத் தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, அதன்மேல் சிலந்தி வலை மாதிரிப் பஞ்சு வலையைப் போர்த்தியிருந்தாள்.

நோரீன் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறவள். எதைச் செய்தாலும் ஆயுசுக்கும் நிற்கிற மாதிரிதான் செய்வாள். ஒவ்வோர் எலும்புக்கூட்டையும் கைப்பிடிக் குச்சிகளோடு சேர்த்து, மின்சார ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தாள். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், யார் தலையிலும் எதுவும் விழக்கூடாது என்று அவளுக்குக் கவலை.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் கர்ட் சோபாவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரிய உடம்புக்காரன். பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மேற்பார்வையாளன்.

"என்ன நோரீன், கல்யாணத்துக்கு வந்தவங்க யாருக்கும் சோறு போடலயா? எல்லாரும் எலும்பும் தோலுமா இருக்காங்க."

"தோலு எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"அதான் சொல்றேன், அவ்வளவு மோசமா கவனிச்சிருக்கே. சரி, நான் மேல படுக்கப் போகணும்னா எந்த வழியாப் போறது? இவங்க மடியில உக்காந்து உக்காந்து போகணுமா?"

"சுவத்தோரமா விட்டிருக்கேன் பாரு. பக்கவாட்டுல போ. வயித்த உள்ள இழுத்துக்கோ."

"வாண்டா, நீயே சொல்லு. முப்பது வருஷம் வீட்டுக் கடனக் கட்டினவன் வயித்த உள்ள இழுத்துக்கிட்டுப் போகணுமாம்" என்று என் பக்கம் திரும்பினான்.

"வேர்க்கடலைய நிறுத்தினா தானா உள்ள போயிடும்" என்றேன்.

அவன் சிரித்தான். சும்மா கேலி பேசுவானே ஒழிய, அந்தப் படிக்கட்டில் அவளைவிட அவனுக்குத்தான் பெருமை. கல்யாணத்தில் பாதிரியார் வேஷமும் அவன்தான் கேட்டு வாங்கினான். கறுப்பு அங்கி போட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை மாட்டி, மேல்படியில் வந்து நிற்பான். "இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பான். அப்போது நோரீன் கீழிருந்து ஒரு நூலை இழுப்பாள். கடைசி வரிசை விருந்தாளியின் கை மெல்ல மேலே போகும். ஒத்திகையில் அவன் அதைக் கேட்கும் விதத்துக்கே நானும் நோரீனும் சிரித்துச் சிரித்துச் சோர்ந்துபோனோம்.

ஹாலோவீன் அன்று காலையிலிருந்து தோள் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். ஏணியைத் தூக்கியதால் இருக்கும் என்று நோரீன் தைலம் தேய்த்துவிட்டாள். மத்தியானம் சூப் குடித்தான், கொஞ்சம் தூங்கினான். நான் சாயந்திரம் மிட்டாய்க் கூடையோடு போனபோது எழுந்து, "பாதிரியார் அலங்காரம் பண்ணிக்கப் போறாரு" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக, பக்கவாட்டில், ஒவ்வொரு விருந்தாளியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேலே போனான்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வரச் சாயந்திரத்தில் இவ்வளவு நேரம்தான் என்று நகராட்சி அறிவித்துவிடும். அந்த நேரம் தொடங்கியதுமே முதல் கூட்டம் வந்துவிட்டது. ஒரு டைனோசர், இரண்டு மந்திரக்காரிகள், அட்டைப் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்த ஒரு துணிதுவைக்கும் இயந்திரம். பின்னால் தாய் தகப்பன்மார். எல்லாரும் கூடத்தில் நெருக்கியடித்து நின்று படியைப் பார்த்தார்கள். நோரீன் விளக்கைக் குறைத்து, கல்யாண இசையைப் போட்டாள்.

"பாதிரியார் வரலயே" என்றாள் சத்தமாக. இது நாடகத்தில் உள்ளது.

மேலே பதில் இல்லை.

"பாதிரியாரே, மாப்பிள்ளைக்குக் கால் வலிக்குதாம். சீக்கிரம் வாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது மேலே தொம் என்று ஏதோ விழுந்தது. வீடே ஒருமுறை அதிர்ந்தது. பிள்ளைகள் குதூகலமாகக் கத்தினார்கள். நானும் சிரித்தேன். புதிதாக எதையோ சேர்த்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நோரீனின் முகத்தைப் பார்த்ததும்தான் என் சிரிப்பு நின்றது. அவள் நூலைக் கீழே போட்டுவிட்டு, சுவரோரமாகப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். திருப்பத்தில் அவள் தலை தூண்டில் நரம்பில் மாட்டிக்கொண்டது. முடியைப் பிய்த்துக்கொண்டு போனாள்.

"வாண்டா." மேலேயிருந்து வந்த குரல் அவளுடையது மாதிரி இல்லை. "வாண்டா, ஆம்புலன்ஸக் கூப்பிடு. நிஜமாத்தான் சொல்றேன். நிஜமா."

கூப்பிட்டேன். மறுமுனையில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள். மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா, வேர்க்கிறதா. நான் ஒவ்வொன்றையும் மேலே கத்திக் கேட்டு, பதிலைத் திருப்பிச் சொன்னேன். நினைவு இருக்கிறது. பேசுகிறான். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதாம். எழுந்திருக்க முடியவில்லை.

"வண்டி கிளம்பிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "நீங்க கதவத் திறந்து வைங்க. வாசல்லேருந்து அவர் இருக்கிற இடம் வரைக்கும் வழிய ஒழிச்சு வைங்க."

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

வந்திருந்தவர்களில் ஒரு தகப்பனுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளைகளை அள்ளி வெளியே கூட்டிக்கொண்டு போனான். நான் சமையலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். முதல் எலும்புக்கூட்டைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடியே ஆடியது, அது வரவில்லை. நரம்பை அறுத்தேன். பஞ்சு வலை மொத்தமாக என் தலையில் இறங்கியது. அதைக் கிழித்துக்கொண்டு பட்டையில் கத்தரியை வைத்தால், வழுக்கிக்கொண்டு போகிறது. கோழி வெட்டுகிற கத்தரி அது. இருந்தும் பிளாஸ்டிக்கைக் கடிக்கவில்லை.

"நோரீன், எப்படி அவுக்கிறது?"

"இடுப்புக்குப் பின்னாடி பாரு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பட்டை. குழந்த வச்சிருக்கிறதுக்கு விலா வழியா ஒரு கம்பி போகுது, அத முறுக்கி விடணும். வலப்பக்கமா முறுக்கு. கட்டிங் பிளேயர் கராஜ்ல இருக்கு."

"கராஜ்ல எங்க?"

"கர்ட்டுக்குத்தான் தெரியும்."

அவன் ஏதோ சொன்னது கேட்டது. அவள் திருப்பிச் சொன்னாள். "சிவப்புப் பெட்டியாம். இல்ல, அதுக்குப் பக்கத்துல. வாண்டா, அவன் பேசக்கூடாது, விடு. நீ அங்க இருக்கிறத வச்சே பாரு."

அப்போது அவனே சொன்னான், மெதுவாக. ஆனால் அந்தப் படிக்கட்டில் எந்தச் சத்தமும் கீழே வந்துவிடும்.

"எல்லாத்தையும் அறுக்கச் சொல்லாத நோரீன். எவ்வளவு பாடுபட்டே."

"வாய மூடிட்டுப் படு" என்றாள் அவள். அப்புறம் அழுகிற சத்தம்.

நான் கால்களைப் பிடித்து இழுத்தேன், தொடையெலும்பைக் கழற்றினேன், தலையைத் திருகி எடுத்தேன். உடம்பு மட்டும் குச்சியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. இதற்கு நடுவில் திறந்த கதவு வழியாக அடுத்த கூட்டம் வந்து நின்றது.

"மிட்டாய் குடுக்குறீங்களா, சேட்டை பண்ணட்டுமா?" என்று வழக்கப்படி கத்தினார்கள் பிள்ளைகள்.

"போங்க. இன்னிக்கு இல்ல. உள்ள ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, போங்க."

தலையெல்லாம் வலையோடு, ஒரு கையில் மண்டையோட்டையும் மறு கையில் கத்தரியையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். தெருக்கோடி வீட்டு மெலிசா போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் பிரமாதம். நீங்களும் நடிக்கிறீங்களா வாண்டா? அழுகையெல்லாம் அப்படியே நிஜமா இருக்கு" என்றாள். நான் ஏதோ கத்தினேன். என்ன வார்த்தை என்று இப்போது நினைவில்லை. அவள் மகள் சிரித்துக்கொண்டே அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். நான் மறுபடி பட்டையோடு போராடப் போய்விட்டேன். நிஜம் என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

சைரன் சத்தம் தெருமுனையில் கேட்டது. அங்கேயே நின்றது. தெரு முழுக்கப் பிள்ளைகள். கறுப்புப் போர்வையும் முகமூடியுமாக நடுரோட்டில் நடக்கிற குழந்தைகளுக்கு நடுவே ஓட்டுநர் எப்படி வேகமாக வருவார்? சைரன் அழும், நிற்கும், மறுபடி அழும். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் ரெனே என்ற உயரமான பெண். சட்டையில் பெயர் இருந்தது. படியைப் பார்த்து ஒரு நொடி நின்றாள்.

"இது ஒண்ணுதான் வழியா?"

"ஒண்ணுதான்."

"சரி. எல்லாரும் தள்ளுங்க." அவள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, விருந்தாளிகளை மிதித்துக்கொண்டே ஏறினாள். பின்னால் வந்தவன் கழுத்தில் தூண்டில் நரம்பு மாட்டியது. தடுமாறி மணப்பெண்ணின் மேல் சாய்ந்தான். இடுப்பிலிருந்து ஒரு வளைந்த கத்தரியை எடுத்து நரம்பை அறுத்தான், பட்டைகளையும் அறுத்தான். எனக்கு வழுக்கிய அதே பட்டை அவன் கையில் நறுக் நறுக்கென்று போயிற்று. மேடையை மட்டும் ஒழித்துவிட்டு மேலே ஓடினான்.

மேலே என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. கீழே நின்று எலும்புகளைப் பொறுக்கிச் சாப்பாட்டறைக்குள் எறிந்துகொண்டிருந்தேன். பிறகு அவனை ஒரு மடக்கு நாற்காலியில் வைத்துப் பட்டை போட்டு இறக்கினார்கள். பாதிரியார் அங்கியை நெஞ்சுவரை அறுத்திருந்தார்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டை அப்படியே இருந்தது, முகத்தில் ஆக்சிஜன் மூடி. கைப்பிடியோரம் மிச்சம் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளின் முழங்கால்கள் நாற்காலியில் இடித்தன. ஒவ்வொரு படிக்கும் ரெனே, "நில்லு, தூக்கு, இப்ப இறக்கு" என்றாள். பஞ்சு வலை நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே இழுபட்டு வந்தது. நோரீன் அதைக் கையால் பிய்த்துக்கொண்டே இறங்கினாள்.

வாசலுக்கு வெளியே புல்வெளி முழுக்கக் கூட்டம். ஆம்புலன்ஸ் விளக்கைப் பார்த்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள். வலையும் பாதிரியார் கோலமுமாகக் கர்ட் வெளியே வந்ததும், யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். சிறுபிள்ளைகள் குதித்துக் குதித்துத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றாள் நோரீன். அவள் குரல் எழும்பவே இல்லை. "தட்டாதீங்க, தயவுசெஞ்சு."

அப்போது கர்ட் வலது கையைத் தூக்கினான். காதளவு உயர்ந்து, ஒரு கணம் நின்று, மடியில் விழுந்தது. கை தட்டல் இன்னும் பலமாயிற்று. அவனை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். நோரீன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி மறுபடியும் பிள்ளைகளுக்கு நடுவே ஊர்ந்து போயிற்று.

நான் வாசலில் நின்றேன். ஒரு தேனீ என்னிடம் வந்து பையை நீட்டியது. என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்து ஒரு மிட்டாய் போட்டேன். அதற்குப் பின்னால் ஒருவன், அவனுக்கும் போட்டேன். கூடை காலியாகும்வரை அங்கேயே நின்று போட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

கர்ட் மறுநாள் மத்தியானம் இறந்துபோனான். இடையில் கண் திறக்கவில்லை. மருத்துவர் இளம் பெண், களைத்துப்போயிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். நோரீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"படிக்கட்டு காலியா இருந்திருந்தா?"

"அடைப்பு ரொம்பப் பெருசு, மிஸஸ் ஷ்ரைபர். கொஞ்ச நேரம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா, பொழச்சிருக்க மாட்டான்னு அர்த்தமா? பொழச்சிருப்பான்னு அர்த்தமா?"

"ரெண்டும் இல்லம்மா. தெரியாதுன்னு அர்த்தம்."

நோரீன் தலையை ஆட்டினாள். வழி கேட்டவர்கள் பதிலைக் கேட்டுக்கொண்டு ஆட்டுவது போல அது இருந்தது.

அடக்கம் முடிந்த வாரத்தில் மெலிசா அடுப்பில் சுட்ட மக்ரோனி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"நோரீன், சத்தியமா எனக்குத் தெரியல. நாடகம்னு நெனச்சேன். அந்த வீடியோவ அன்னிக்கே அழிச்சிட்டேன். யாருக்கும் அனுப்பல. போன்ல இருக்கிற குப்பைத் தொட்டியிலேருந்தும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா" என்றாள் நோரீன். "கடைசில அவன் கையத் தூக்கினானே, அது அதுல இருந்துச்சா?"

"இருந்திருக்கும். கடைசி வரைக்கும் எடுத்தேன்."

"எப்படித் தூக்கினான்? எல்லாருக்கும் காட்டுற மாதிரியா? இல்ல மூச்சு முட்டி, ஆக்சிஜன் மூடிய எடுக்கச் சொல்லியா? நான் பின்னாடி நின்னேன். எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது."

மெலிசா என்னைப் பார்த்தாள். அன்று எனக்கு முன்னால் திறந்திருந்த ஆம்புலன்ஸ் கதவு மறைத்தது. கையை மட்டும்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். மெலிசாவும் தெரியாது என்றாள். நோரீன் மக்ரோனித் தட்டை வாங்கிக்கொண்டு, "தட்ட நாளைக்குக் கழுவித் தர்றேன்" என்றாள்.

படிக்கட்டு அப்படியே கிடந்தது. மேல்பாதியில் வலையும், கைப்பிடியோரம் தலையில்லாத இரண்டு மூன்று விருந்தாளிகளும். நான் எடுத்துவிடட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்பாள். அவள் மேலே போவதில்லை. சோபாவில் படுத்தாள். கர்ட்டுக்குச் சவப்பெட்டியில் போட்டுவிட வேண்டிய கோட்டைக்கூட நான்தான் போய் எடுத்துவந்தேன்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாளுக்குக் கிளீவ்லாந்திலிருந்து அவள் மகன் ட்ராவிஸ் வந்தான். அப்பாவைப் போலவே பெரிய உடம்பு, ஆனால் பேச்சு குறைவு. வந்த அன்றே கராஜுக்குப் போய் ஒரு கட்டிங் பிளேயரைத் தேடி எடுத்துவந்து, எல்லாவற்றையும் வெட்டிக் குப்பைப் பைகளில் திணித்தான். நானும் நோரீனும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வெட்டுச் சத்தத்துக்கும் அவள் விரல் மேஜைமேல் லேசாக அசைந்தது.

"அம்மா, சுத்தமாயிடுச்சு. இனி மேல போய்ப் படு. முதுகு போயிடும்" என்றான் அவன்.

"சரிப்பா."

"என்கூட வந்துடேன்மா. அங்க படியே கிடையாது."

"பாக்கலாம்பா."

அவன் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். அவள் அதற்குப் பிறகும் சோபாவில்தான் படுத்தாள். கீழே நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்தில், எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பது போல ஒரு கழிப்பறைப் பீங்கான் தனியாக இருக்கிறது. அது போதும் என்றாள். குளிக்கத்தான் இடமில்லை. குளியலறை மேலே இருக்கிறது.

முதல் பனி விழுந்த அன்று காலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கோட்டுக்குள் துண்டும் மாற்றுத் துணியும் வைத்திருந்தாள். "உன் பாத்ரூம்ல குளிச்சுக்கட்டுமா?" என்றாள். "குளி" என்றேன். என் வீட்டுப் படியில் கிடந்த துணிகளை அவசரமாக ஒதுக்கினேன். அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏறிப் போனாள். என் வீட்டுப் படியும் அவள் வீட்டுப் படியும் ஒரே அளவு, ஒரே திருப்பம்.

இப்போதும் தினமும் வருகிறாள். ஒரு சாவியைக் கொடுத்துவிட்டேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு தெருவைக் கடந்து போவாள். சளி பிடிக்கும், காயவைத்துவிட்டுப் போ என்றால், "அங்க போய்க் காயவச்சுக்கிறேன்" என்பாள். உன் வீட்டிலேயே மாடிக்குப் போய்க் குளி என்று சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் காபி போடப் போய்விடுகிறேன்.